மார்க்கண்டேயனைக் கொன்றது யார்?

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி.

“மேடம், மார்க்கண்டேயன் செத்துப்போயிட்டானாமுங்க” என்று போனில் சொன்னார் கான்ஸ்டபிள் அப்புசாமி. “பனங்காடு ஆய்வு மையத்துல இருந்து டைரக்டரே கூப்பிட்டாருங்க. கொன்னது யாருன்னும் அவரே சொல்லிப்போட்டாருங்க. அங்க படிக்கிற ஒரு புள்ளையாம்.”

எஸ்.ஐ. கத்தரீனாள் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த மையம். போய்ப் பார்த்தால் பிணமும் இல்லை, ரத்தமும் இல்லை. இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு டீப் ஃபிரீசர் நின்றது. அதன் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. தரையெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு, ஃபிரீசரை மறித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். அழவில்லை. தொட்டால் கடிப்பேன் என்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல இவள வெளிய கூட்டிட்டுப் போங்க மேடம்” என்றார் டைரக்டர் ஆறுமுகசாமி. அறுபது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. “செத்துப்போனத எல்லாம் அள்ளி எரிச்சுப்போடலாம்னா உட மாட்டேங்கறா. இவ செஞ்ச வேலைக்கு இவளே காவல் நிக்கறா பாருங்க.”

“யாரு செத்தது?”

“மார்க்கண்டேயன்ங்க. எங்க ஈஸ்ட்.”

கத்தரீனாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது அவளுக்கு எளிதாக வரும். ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் விஷயத்தைக் கேட்கக் கேட்க அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கள்ளைப் புளிக்க வைக்கிற, பேக்கரியில் பன்னை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்தான். ஒற்றைச் செல் உயிர். ஆனால் அந்த ஒற்றைச் செல்லுக்குள் நடக்கிற முக்கால்வாசி வேலை மனித செல்லுக்குள்ளும் அப்படியே நடக்கிறது. செல் எப்படிப் பிரிகிறது, எப்படிக் கிழடு தட்டுகிறது என்று மனிதனை அறுத்துப் பார்க்க முடியாததை இதில் பார்க்கலாம். ஆறுமுகசாமியின் மையம் பக்கத்துச் சித்தூர்த் தென்னங்கள்ளில் இருந்து ஒரு ஈஸ்டைப் பிரித்து, அதில் ஒரு மரபணுவை நீக்கியது. அந்த மரபணு இல்லாத ஈஸ்ட் இரண்டு மடங்கு ஆயுள் வாழ்கிறது என்று அறிவித்தது. என்றும் பதினாறு என்று பத்திரிகைகள் கொண்டாடின. மார்க்கண்டேயன் என்று பெயர் வைத்தவர் டைரக்டரேதான். அதற்குப் பிறகு இந்தக் கட்டடத்துக்குப் புது மாடி வந்தது, அவருக்கு விருது வந்தது.

“சாதாரண ஈஸ்ட்டுன்னு நெனச்சுப்போடாதீங்க மேடம்” என்றார். “கள்ளுப் பானையில பொறந்த சாதிங்க. கல்லு மாதிரி. இவனோட தாய் ஈஸ்ட்ட ஒத்துத்தாள்ல ஒரு துளி காயவெச்சு, கவருக்குள்ள போட்டு ஜெர்மனிக்குச் சாதாத் தபால்லதான் அனுப்பினோம். சித்திரை வெயில்ங்க. அங்க போய் ஜம்முன்னு வளந்துச்சு. ஆனா மார்க்கண்டேயன மட்டும் யாருக்கும் குடுக்கலீங்க. எல்லாக் குழாயையும் ஒரே பெட்டியில வெச்சு, பொத்திப் பொத்திக் காப்பாத்துனேன். நேத்துச் சாயங்காலம் இந்தப் புள்ள ஃபிரீசரத் தொறந்துட்டு, மூடாமப் போயிட்டா. அலாரத்தையும் அமத்திப்போட்டா. ராத்திரி முச்சூடும் உருகி எல்லாம் செத்துப்போச்சு.”

“தெரியாம விட்டுட்டாளா? வேணும்னே செஞ்சாளா?”

“வேணும்னேதானுங்க. ரெண்டு வருசமா இவளுக்கு ஒரு சோதனையும் சரியா வரல. அந்த ஆத்திரம்.” குரலைத் தாழ்த்தினார். “பள்ளிவாசல் எஸ்டேட்டுல கொழுந்து கிள்ற ஊட்டுப் புள்ளைங்க மேடம். பாவம்னு சீட்டுக் குடுத்தேன். அதுகளுக்கு என்ன தெரியும் இதோட மதிப்பு?”

கத்தரீனாளுக்குக் காது மடல் சுட்டது. அவள் பிறந்தது ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில். அவளுடைய அம்மாவும் கொழுந்து கிள்ளித்தான் அவளை நுண்ணுயிரியல் எம்.எஸ்.சி. வரைக்கும் படிக்க வைத்தாள். அந்தப் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் அரசுப் பணித் தேர்வு எழுதிக் காக்கி போட்டாள். அதையெல்லாம் இந்த மனிதரிடம் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை.

“புகாரு எழுதித் தாரீங்களா?”

“எழுதியே வெச்சிருக்கேனுங்க.” டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தித் தயாராக இருந்தது. “வியாழக்கெழம மூணு மணிக்கு எங்க குழு கூடுது. இவ ஆராய்ச்சிப் பதிவ ரத்து பண்ணப் போறோம். அதுக்குள்ள எஃப்.ஐ.ஆர். போட்டீங்கன்னா நல்லதுங்க.”

கத்தரீனாள் புகாரை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு ஃபிரீசருக்குள் குனிந்தாள். தட்டுத் தட்டாக பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விரல்கடை நீளத்தில் சின்னச் சின்னக் குழாய்கள், அவற்றில் கலங்கலாகக் கரைந்த திரவம். பெட்டிகளிலும் குழாய்களிலும் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார்கள். ‘செல்வலட்சுமி’ என்ற பெட்டி. ‘ஜிபின்’ என்ற பெட்டி. இரண்டிலும் வெளிறிய சாய்கோடு போட்ட டேப்பில் எழுத்து பளிச்சென்று இருந்தது. நடுத்தட்டில் மார்க்கண்டேயன். அந்தப் பெட்டியில் டேப்பின் கோடுகள் கறுப்பாக இருந்ததால் பெயரைக் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. கதவு நன்றாக மூடித் திறந்தது. பூட்டும் கொக்கியும் பழுதில்லை. அலாரம் பொத்தானை அழுத்தி அமர்த்தியிருந்தார்கள்.

“இதுல ஒரு குழாயக்கூட யாரும் தொடக்கூடாது” என்றாள். “இது எல்லாம் இப்ப தடயம்.”

டைரக்டரின் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது.

*

முந்தின நாள் ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை. மையத்துக்குள்ளேயே தங்கியிருக்கிற நாலு பேரைத் தவிர யாரும் அந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை: குவார்ட்டர்ஸில் இருக்கிற டைரக்டர், ஹாஸ்டலில் இருக்கிற செல்வலட்சுமி என்கிற அந்தப் பெண், இன்னொரு மாணவன் ஜிபின், அப்புறம் வாட்ச்மேன் பினு.

செல்வலட்சுமியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள்.

“ஃபிரீசரத் தொறந்தியா?”

“தொறந்தேன்.”

“மூடினியா?”

“மூடினேன், கொக்கி போட்டேன், ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன். என் நாலு வருச வேல அதுக்குள்ள இருக்கு மேடம். நான் மூடாமப் போவேனா?”

“யாரு பாத்தா?”

“ஜிபின் அங்கனதான் இருந்தான். அவன்ட்டயே கேளுங்க.”

“டைரக்டருக்கு ஒம்மேல என்ன கோவம்?”

செல்வலட்சுமி பல்லைக் கடித்தாள். “மார்க்கண்டேயன் ரெட்டை ஆயுசு வாழலைன்னு சொல்லிட்டேன். அதான் கோவம். ஒரு தாய் செல்லு எத்தன குட்டி போடுதுன்னு மைக்ராஸ்கோப்புல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எண்ணுவோம் மேடம். குட்டி முளைக்க முளைக்க ஊசிநுனியால தள்ளி வைக்கணும். ரெண்டு வருசம் எண்ணினேன். சாதா ஈஸ்ட் எவ்வளவோ அவ்வளவுதான் இதுவும். ‘ஒனக்குக் கை சரியில்ல, கொழுந்து கிள்ற கை’ன்னாரு. போன மாசம் ஹைதராபாத்துல ஒரு லேப்ல இருந்து, எங்களுக்கும் ஒரு குழாய் அனுப்புங்க, நாங்களும் எண்ணிப் பாக்கோம்னு கேட்டாக. அனுப்பத்தானே வேணும்? இப்ப அனுப்ப ஒண்ணுமில்ல. பழியும் எனக்கு.”

“நீயே ஆத்திரத்துல கொன்னிருக்கலாம்லா?”

“கொன்னா நான் சொன்னத எப்படி நிரூபிப்பேன்? அதையும் யோசிங்க!” கத்திவிட்டாள். வெளியே நின்ற அப்புசாமி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். கத்தரீனாளுக்கு அந்தக் கத்தல் பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருப்பது சாட்சி ஆகாது.

அடுத்து ஜிபின். அதே ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் வருட மாணவன். ஏலப்பாறை டவுனில் அவன் அப்பாவுக்குப் பேன்சி ஸ்டோர். உள்ளே வந்ததும் பல்லைக் காட்டினான்.

“அக்கா, நீங்க நம்ம ஏலப்பாறைதானே? சர்ச்சுப் பெருநாளுக்குப் பாத்திருக்கேன்.”

“மேடம்னு சொல்லு. செல்வலட்சுமி ஃபிரீசர மூடினாளா?”

“நான்... கவனிக்கல மேடம்.”

“அதே ரூம்ல இருந்துக்கிட்டு?”

“மைக்ராஸ்கோப்புல கண்ணு வச்சிருந்தேன்.”

“அவ போனா, அவ வேலை யாருக்கு?”

அவன் தரையைப் பார்த்தான். “ஸார் எங்கிட்டதான் தாரேன்னாரு.” கைகளைப் பிசைந்தான். “மேடம், என் பெட்டிய எரிக்க மாட்டாங்கல்ல?”

கடைசியாக வாட்ச்மேன் பினு. திருச்சூர்க்காரன். நல்ல பிள்ளை, ஆனால் பயந்தாங்கொள்ளி. “ஹர்த்தாலல்லே மேடம், கேட்டையடச்சு உள்ள இருந்தேன். செல்வாம்மா லேப்புல இருந்து ஆறரைக்கு ஹாஸ்டலுக்குப் போச்சு. ஜிபின் ஸார் கொறச்சு நேரம் கழிஞ்சு போனாரு. எட்டு மணியாயிருக்கும், கீழ பின்பக்கம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம். குக்கர் ஊதுற மாதிரி. கேன்டீன்ல கடலை வேகுதுன்னு நெனச்சேன்.”

“டைரக்டர் எங்க இருந்தாரு?”

“ஸார் குவார்ட்டர்ஸ் பின்பக்கமாணு. அவரு வந்தா போனா என் கேட்டுல தெரியாது.”

அப்புசாமி குறுக்கே விழுந்தார். “ஏம்ப்பா, ஹர்த்தாலன்னைக்குக் கேன்டீன் ஏதுப்பா?”

பினு திருதிருவென்று விழித்தான். கத்தரீனாள் எட்டு மணி என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

*

மத்தியானமே அவள் ஒரு காரியம் செய்தாள். டைரக்டர் எதிர்த்தார், “செத்ததுல என்னங்க சோதனை? வீண் வேலை” என்று இரண்டு தடவை சொன்னார். கத்தரீனாள் சட்டை செய்யவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள், கையைக் கழுவினாள், ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள். ஈஸ்ட் வளர்கிற தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஃபிரீசரில் இருந்த ஒவ்வொரு பெட்டியில் இருந்தும் குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் சுட்டெடுத்த கம்பியால் ஒரு துளி தொட்டுத் தட்டில் கோடிழுத்தாள். எட்டு வருடம் கழித்துப் பிடிக்கிற கம்பி. முதல் நாலைந்து கோடு கோணலாக வந்தது. பிறகு கை நினைவுக்கு வந்துவிட்டது.

தட்டுகளுக்கு எண் போட மேஜைமேல் இருந்த டேப் ரோலில் இருந்து துண்டு துண்டாகக் கிழித்தாள். அதன் வெளிறிய சாய்கோடுகளின் மேல் அப்புசாமி முத்து முத்தாக எண் எழுதினார். செல்வலட்சுமியும் ஜிபினும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கிட்டே வர அவள் விடவில்லை.

“ரெண்டு நாள் ஆகும் முளைக்க” என்றாள். தட்டுகளை இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்து, அறைக்குப் போலீஸ் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை முழுக்கப் போன். மேலே இருந்து ஒருவர், அவருக்கும் மேலே இருந்து ஒருவர். ஒரு பெண் பிள்ளையை இன்னும் கைது செய்யவில்லையா? டைரக்டர் எவ்வளவு பெரிய மனிதர் தெரியுமா? கத்தரீனாள் எல்லோருக்கும் “சரி ஸார்” என்றாள். போனை வைத்ததும் அப்புசாமியைப் பார்த்து, “பெரிய மனுசன்! அந்தப் புள்ள ரெண்டு வருசம் ராவும் பகலும் குந்தி எண்ணியிருக்கா. இவரு பேரு மட்டும் வச்சாரு. யாரு பெரிய மனுசன்?” என்று எரிந்து விழுந்தாள். அப்புசாமி என்ன செய்வார், பாவம். அவர்தான் எதிரே இருந்தார்.

சாயங்காலம் அவரை அழைத்துக்கொண்டு மையத்தின் பின்பக்கம் போனாள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. அதற்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஆட்டோகிளேவ். கருவிகளையும் பாட்டில்களையும் நீராவியில் அவித்துக் கிருமி நீக்குகிற பெரிய பிரஷர் குக்கர். அதன் வால்வைத் தட்டிப் பார்த்தாள். பக்கத்து அலமாரியில் அவித்து எடுத்த கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றைக் கையில் எடுத்தாள். மூடியில் ஒட்டியிருந்த டேப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சிரித்தாள். இரண்டு நாளாகச் சிரிக்காத முகம் சிரித்ததும் அப்புசாமிக்குக் கலக்கமாக இருந்தது.

“என்னங்க மேடம்?”

“நாளைக்கு அந்தாளு குழு கூடுததுக்கு முன்னாடி எல்லாரையும் லேப்புக்கு வரச் சொல்லுங்க.”

*

வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி.

பூட்டைத் திறந்து, இளஞ்சூட்டுப் பெட்டியில் இருந்த தட்டுகளை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். டைரக்டர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். செல்வலட்சுமியும் ஜிபினும் ஆளுக்கொரு மூலையில். பினு வாசலில்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். செல்வலட்சுமியின் தட்டுகளில் கோடு முழுக்க வெண்ணெய் நிறப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தன. ஜிபினுடையதும் அப்படியே. பழைய மாணவர்கள் விட்டுப்போன பெட்டிகளில் இருந்து எடுத்தவையும் அப்படியே. மார்க்கண்டேயன் பெட்டியின் தட்டுகள் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தன. ஒரு புள்ளி இல்லை.

“அதேதானுங்க நானும் சொன்னேன்” என்றார் டைரக்டர். “செத்துப்போச்சுன்னு.”

“பொறுங்க ஸார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விசயம்.” பையில் இருந்து ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்றின் மேல் வெளிறிய கோடு போட்ட டேப். மற்றதன் மேல் கறுப்புக் கோடு போட்ட டேப். “இதுல ஒரு துண்டு ஒங்க லேப்பு டேப் ரோல்ல இருந்து நான் புதுசாக் கிழிச்சு ஒட்டினது. எதுன்னு சொல்லுங்க.”

“இதென்னங்க வெளையாட்டு?”

“சொல்லுங்களேன்.”

ஆறுமுகசாமி சலிப்போடு கறுப்புக் கோட்டைக் காட்டினார். “இதானுங்க. எங்க லேப்பு டேப்பு எப்பவும் இப்படித்தானே இருக்கும்? அது வெளிறிப்போன பழசு.”

“ஸார்!” என்றான் ஜிபின். செல்வலட்சுமி ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் கண் மார்க்கண்டேயன் பெட்டியின் பெயர்த்துண்டில் குத்தி நின்றது.

“நீ சொல்லு” என்றாள் கத்தரீனாள்.

“வெளிறினதுதான் புதுசு மேடம்.” என்றாள் செல்வலட்சுமி. “அது ஆட்டோகிளேவ் டேப்பு. நல்லா ஒட்டும், எழுத வாகா இருக்கும்னு லேபிளுக்கும் அதையே கிழிச்சுக்குவோம். நீராவியில வெந்தாத்தான் கோடு கறுக்கும். வெந்திருச்சா இல்லையான்னு தெரியத்தான் அந்தக் கோடே. ஃபிரீசர்ல இருந்தா பத்து வருசம் ஆனாலும் கறுக்காது. தொறந்து கெடந்தாலும் கறுக்காது.”

“அப்ப இந்தப் பெட்டி?”

“வெந்திருக்கு.” அவள் திரும்பி டைரக்டரைப் பார்த்தாள். “யாரோ வேகவச்சிருக்காக.”

கத்தரீனாள் மேஜையைச் சுற்றி வந்து டைரக்டருக்கு நேரே நின்றாள். அடக்கி வைத்த கோபம் இப்போது அவளுக்கு உதவியாக இருந்தது.

“மொத நாளே நீங்களே எனக்குச் சொல்லிட்டீங்க ஸார். இந்தச் சாதி ஈஸ்ட்டு ஒத்துத்தாள்ல காய்ஞ்சு, வெயில்ல வெந்து, கடல் தாண்டிப் போயும் பொழைக்கும்னீங்க. அடுத்த மூச்சுல, ஒரு ராத்திரி ஃபிரீசர் தொறந்து கெடந்ததுக்கே செத்துப்போச்சுன்னீங்க. எல்லாப் பெட்டியும் ஒரே ஃபிரீசர்ல, ஒரே ராத்திரி, ஒரே மாதிரிதான் உருகுச்சு. மத்தது எல்லாம் உசுரோட இருக்கு. ஆக, உருகுனது சாவுக்குக் காரணம் இல்ல. ஃபிரீசர் கதவு சும்மா ஊருக்குக் காட்டுததுக்கு. நெசமாக் கொன்னது கீழ இருக்க ஆட்டோகிளேவ். பினு கேட்டானே, உஸ்ஸுன்னு சத்தம், அது அதோட மூச்சு. பெட்டிய அப்படியே தூக்கிட்டுப் போயி அவிச்சு, திரும்பக் கொண்டாந்து அதே எடத்துல வச்சு, கதவத் தொறந்து போட்டு, அலாரத்த அமத்திட்டுப் போயிருக்காக. காணாமப் போனா திருட்டு, தேடுவாக. செத்துக் கெடந்தா விபத்து. யார் தலையிலயாவது கட்டலாம்.”

“யாரோ செஞ்சிருக்கலாமுங்க. ஜிபின் செஞ்சிருக்கலாம். இவளே செஞ்சிருக்கலாம்.”

“அதத்தான் ரெண்டு நாளா யோசிச்சேன். பினுவா? அவனுக்கு ஈஸ்ட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. கதவத் தொறந்து விட்டாலே செத்துரும்னு நெனச்சிருப்பான், வேக வைக்கணும்னு தோணியிருக்காது. செல்வலட்சுமியா, ஜிபினா? ரெண்டு பேரும் தெனம் பொழுது விடிஞ்சா இந்த டேப்பத்தான் கிழிக்காக. அவிச்சா கோடு கறுக்கும்னு தூக்கத்துலயும் தெரியும். லேபிள உரிக்காம எந்தப் பெட்டியையும் அவிக்கவே மாட்டாக. ஆக, நான் தேடுனது ஒரே ஒரு ஆளு. ஈஸ்ட்ட நல்லாத் தெரிஞ்சவரு. உருகினா மட்டும் சாகாதுன்னு அறிஞ்சவரு. ஆனா இந்த மேஜையில நின்னு வேல செஞ்சறியாதவரு. நீங்க படிச்ச காலத்துல பாட்டிலுக்குப் பழுப்புத் தாளச் சுத்தி நூலத்தான் கட்டியிருப்பீங்க. அப்புறம் ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டீங்க. அவிச்ச பாட்டில மத்தவங்க கொண்டாந்து வைக்க மட்டுமே பாத்திருக்கீங்க. ஒங்க கண்ணுக்குக் கோடுன்னா கறுப்புக் கோடுதான். ஒரு நாளாவது ஒங்க கையால அந்த டேப்பக் கிழிச்சிருந்தீங்கன்னா, இன்னைக்கு இந்தப் புள்ள ஜெயில்ல இருந்திருப்பா.”

ஆறுமுகசாமியின் கால் தானாகக் கீழே இறங்கியது. ஆனால் அவர் லேசில் மடங்குகிறவர் இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார்.

“சரிங்க. இருக்கட்டும். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. என் லேப்பு, என் ஈஸ்ட்டு. அதக் கொன்னதுக்கு எந்தச் செக்ஷன்ல மேடம் உள்ள வெப்பீங்க? கோர்ட்டுல சிரிப்பாங்க.”

“ஈஸ்ட்டக் கொன்னதுக்குச் செக்ஷன் இல்ல ஸார்.” கத்தரீனாள் பையில் இருந்து அந்த டைப் செய்த புகாரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். “ஒண்ணுமறியாதவள மாட்டிவிடணும்னே போலீசுக்குப் பொய்ப் புகார் கொடுத்ததுக்கு இருக்கு. ஒங்க கையெழுத்து, ஒங்க முத்திரை. நான் கேக்காமலே தயாரா வச்சிருந்தீங்க. அதுபோக, சர்க்கார் பணத்துல உண்டாக்குன பொருள அழிச்சதுக்குத் தனியா.”

அவர் சிரிப்பு நின்றது. செல்வலட்சுமியின் பக்கம் திரும்பினார். இதுவரை அந்தப் பெண்ணின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லாதவர், “செல்வா, கண்ணு” என்றார். “அவசரப்படாத. மூணு மணிக்குக் குழு கூடுது. ஒனக்கு டாக்டர் பட்டம் இந்த வருசமே குடுக்கச் சொல்றேன். தவறுதலா நடந்துபோச்சுன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“கொழுந்து கிள்ற கை ஸார்” என்றாள் செல்வலட்சுமி. “அது சரியாத்தான் எண்ணுச்சு. ஒங்க கிட்ட வாங்குற பட்டத்த எங்க லயத்துல அடுப்பெரிக்கக்கூட எடுக்க மாட்டாக.”

அப்புசாமி டைரக்டரின் தோளைத் தொட்டார். “வாங்க ஸார், போலாமுங்க” என்றார், மரியாதை குறையாமல்.

*

அவர்கள் போனதும் செல்வலட்சுமி அந்த வெறுந்தட்டுகளின் முன்னால் உட்கார்ந்தாள். கோபம் வடிந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது.

“என்னைய விட்டுருவாங்க, சரி மேடம். ஆனா அவரு ஜெயிச்சிட்டாருல்லா? மார்க்கண்டேயன் இல்ல. நான் எண்ணினது நெசம்னு இனி யாரு எண்ணிச் சொல்லுவா? அவரு சொன்னது அச்சுல நிக்கும். என் பேச்சு ஆத்திரத்துல சொன்னதாப் போயிரும்.”

குற்றவாளியைப் பிடித்தாயிற்று, ஆனால் அவன் செய்ய நினைத்த காரியம் முடிந்துவிட்டது. கத்தரீனாள் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றாள். வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை வந்து போனது.

அப்போது மூலையில் நின்ற ஜிபின் அசைந்தான். ஃபிரீசரைத் திறந்து, தன் பெட்டியின் அடிவரிசையில் துழாவி ஒரு குழாயை எடுத்தான்.

“செல்வா... இது மார்க்கண்டேயன்தான்.”

அவள் தலையைத் தூக்கினாள்.

“எல்லாத்தையும் ஒரே பெட்டியில வைங்கன்னு ஸார் சொன்னப்ப, ஒண்ண மட்டும் என் பேரு எழுதி வச்சிட்டேன். மருந்து கலந்த தட்டுல போட்டுப் பாரு. மரபணு நீக்குன ஈஸ்ட்டு மட்டுந்தான் அதுல பொழைக்கும். நீயே சரிபாத்துக்கலாம். மேடம் போட்ட தட்டுலயும் வளந்திருக்கு.”

“எதுக்கு ஒளிச்சு வச்ச?”

“எனக்கும் எண்ணிக்கை சரியா வரல. சந்தேகமாத்தான் இருந்துச்சு. எப்பவாவது தேவைப்படும்னு...”

“திங்கக்கெழம நான் கதவ மூடினதப் பாத்தியா?”

“பாத்தேன்” என்றான்.

“செவ்வாக்கெழம காலைல, நான் இந்தத் தண்ணியில நிக்கும்போது, இது ஒம் பெட்டியிலதான் இருந்துச்சா?”

“ஸார் என் தீசிஸ்ல கையெழுத்துப் போடணும் செல்வா. வீட்டுல ரொம்பக் கஷ்டம். என்ன மன்னிச்சிரு.”

செல்வலட்சுமி எழுந்து வந்தாள். அவன் கையில் இருந்து குழாயை இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஒரு வண்டல். மேஜையோரம் இருந்த வாளியில் ஃபிரீசர் ஐஸை அள்ளிப் போட்டு, குழாயைக் கழுத்து வரைக்கும் அதில் பதித்து நிறுத்தினாள். சாயாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். வாளியை மூடினாள். ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அறைந்த சத்தம் வராந்தா வரை கேட்டது. டைரக்டரை ஜீப்பில் உட்காரவைத்துவிட்டுப் படியேறி வந்துகொண்டிருந்த அப்புசாமி ஓடி வந்து வாசலில் நின்றார். ஜிபின் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“என்னங்க மேடம் சத்தம்?”

கத்தரீனாள் ஜன்னல் பக்கம் திரும்பித் தோப்பில் ஒருவர் தென்னை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் பாக்கல” என்றாள். “ஜீப்ப எடுங்க.”